கேசவன் கைபட்ட வெளிச்சம்

மாமல்லபுரம் கடைத்தெருவில் சங்கும் சோழியும் விற்கிற அமானுல்லா, நல்ல நாள் பெரிய நாளில் கேசவன் வந்து போணி செய்யாமல் கடைத் தட்டியை முழுதாகத் தூக்க மாட்டார். பாதி தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் நிற்பார். கேசவன் சதுரங்கப்பட்டினத்திலிருந்து சைக்கிளில் வந்து இறங்கி, இருப்பதிலேயே மலிவான சோழி ஒன்றை வாங்குவான். அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகுதான் தட்டி மேலே போகும். அன்றைக்கு நாலு வெள்ளைக்காரர்கள் வந்து பெரிய சங்காகப் பார்த்து வாங்கிப் போனால் அது கேசவன் கை. யாரும் வராவிட்டால் அது மழை, அல்லது பஸ் ஸ்டிரைக்.

கைராசி என்பதே அப்படித்தான். வந்தது எல்லாம் கையின் கணக்கு. வராததற்கு வேறு கணக்கு. கேசவன் கருங்குழிக்காரன். பையனாக இருந்தபோது யாரோ நாற்றங்காலில் முதல் பிடி விதையை அவனைத் தூவச் சொன்னார்கள். அந்தப் போகம் பொங்கி விளைந்தது. அடுத்த போகத்துக்குத் தேடி வந்தார்கள். கிணற்றுக்கு முதல் கடப்பாரை, வீட்டுக்கு முதல் செங்கல் என்று அந்தப் பெயர் அவனோடு வளர்ந்தது. ஃபிட்டர் படிப்பு முடித்து, கடலோரத்தில் புதிதாக எழுந்த ஆராய்ச்சி வளாகத்தில் வேலை கிடைத்துச் சதுரங்கப்பட்டினத்தில் குடிவந்தபோது, பெயரும் கூடவே பஸ் ஏறி வந்துவிட்டது. தெருவில் குழந்தை பிறந்தால் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்க அவனைத்தான் கூப்பிட்டார்கள்.

"ஊருக் கொழந்தைக்கெல்லாம் சக்கரத் தண்ணி வச்சிக்கினு வர. நம்ம வூட்டு சக்கர டப்பா மட்டும் அப்படியே கீது" என்பாள் அவன் மனைவி சரோஜா. சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன.

அவனுக்கு வேலை டாக்டர் சியாமளாவின் லேசர் அறையில். ஜன்னலெல்லாம் கறுப்புத் துணி போட்ட, எப்போதும் குளிர்ந்த அறை. நடுவில் ஓர் இரும்பு மேசை. அதன் மேல் எதிரெதிராக இரண்டு சின்னக் கண்ணாடிகள், ஒவ்வொன்றும் எட்டணாக் காசு அகலம். கண்ணாடிகளுக்கு நடுவே, மூடிய குழாய் ஒன்றில் சூடாக்கிய சோடியம் ஆவி. குழாயை ஊதித் தருகிறவர் ஜெயினுலாபுதீன், அமானுல்லாவின் அண்ணன், அதே வளாகத்தில் கண்ணாடிப் பட்டறை. சூடான சோடியம் கண்ணாடியைத் தின்னும். கொஞ்ச நாளில் குழாய் பழுப்பேறிவிடும். "உங்க மேடம் எனக்கு ரெஸ்டே குடுக்க மாட்டாங்களா மச்சான்?" என்று முனகிக்கொண்டே அடுத்ததை ஊதுவார்.

சலூனில் முன்னாலும் பின்னாலும் கண்ணாடி மாட்டியிருப்பார்களே, நடுவில் உட்கார்ந்தால் நம் தலை போய்க்கொண்டே இருக்குமே, அந்த மாதிரிதான். இந்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் மாட்டிய வெளிச்சம் போய்ப் போய் வரும். ஒவ்வொரு நடையிலும் கொஞ்சம் கசிந்துவிடும். கசிந்த அளவை லேசர் வெளியிலிருந்து ஊற்றிக்கொண்டிருக்கும். வெளிச்சம் கம்மியாக இருக்கிறவரை சோடியம் அதை விழுங்கிவிடும், வெளியே மங்கலாகத்தான் தெரியும். ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் சோடியத்துக்கு வயிறு நிரம்பிவிட, வெளிச்சம் சட்டென்று பளீரென்று வெளியே பாயும். சியாமளாவுக்கு வேண்டியது அதற்கும் அடுத்தது. ஏறிய பிறகு லேசரைக் குறைத்தாலும் அந்தப் பளீர் அணையாமல் நிற்க வேண்டும்.

"தூங்கறவனை எழுப்பத்தான் பெரிய சத்தம் வேணும் கேசவன். எழுந்துட்டா, முழிச்சிட்டு இருக்க அவ்வளவு சத்தம் தேவையில்லை. வெளிச்சமும் அப்படி நிக்கும்னு காகிதத்துல இருக்கு. யாரும் இன்னும் நிறுத்திக் காட்டலை."

"நாம காட்டிடலாம் மேடம்."

"உங்க கை இருக்கு. ஆச்சு" என்று சிரித்தாள். கும்பகோணத்துப் பெண், முப்பது வயதுகூட ஆகவில்லை. ராசியில் நம்பிக்கை இருந்ததோ இல்லையோ, கண்ணாடிகளின் திருகை மயிரிழை திருப்புவதற்கு அவன் கைதான் வேண்டும் என்பாள். அவன் கை நடுங்காது. அந்தக் காலத்தில் தன் கையைப் பற்றிக் கேசவனுக்கு இருந்த பெருமையெல்லாம் உண்மையில் இதுதான். நாற்றங்கால் இல்லை, போணி இல்லை. மேடத்தின் வெளிச்சம் நிற்கப் போகிறது, அதில் தன் கை இருக்கப் போகிறது.

எழுபத்தைந்தாம் வருஷத்து ஆயுத பூஜை வந்தது. வளாகத்தில் மெஷின் இருக்கிற எல்லா இடத்திலும் அன்றைக்குப் பொரி கடலை உண்டு. கடைசல் மெஷினுக்குச் சந்தனப் பொட்டு, லாரிக்கு மாலை, டைப்ரைட்டருக்குக்கூடக் குங்குமம். சியாமளா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: கரண்டு பெட்டிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வையுங்கள், மேசைக்கு மட்டும் வேண்டாம். கற்பூரத்தை வெளியிலேயே ஏற்றுங்கள்.

கேசவன் அப்படியேதான் செய்தான். எல்லாம் முடித்துத் துணியால் மேசையை மூடும்போது அவனுக்கு மனசு கேட்கவில்லை. அறையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் பொட்டு. வருஷம் முழுக்க உழைக்கிற அந்த இரண்டு கண்ணாடிகள் மட்டும் மூளியாக நிற்கின்றன. மோதிர விரல் நுனியில் கடுகளவு சந்தனம் எடுத்து, ஒரு கண்ணாடியைப் பிடித்திருந்த பித்தளை வளையத்தின் பின்பக்கம் தொட்டு வைத்தான். கண்ணாடி மேல் இல்லை, வளையத்தின் மேல். மனசு நிறைந்தது. துணியை மூடிவிட்டுப் பொரி வாங்கப் போனான்.

அடுத்த வாரம் சோடியத்தைச் சூடேற்றினார்கள். குழாயைத் தாண்டி வருகிற வெளிச்சம் ஒரு வெள்ளை அட்டையில் விழும். அகலமான, மங்கலான மஞ்சள் வட்டம். சியாமளா லேசரை ஏற்றிக்கொண்டிருந்தாள். பளீர் வருகிற கட்டம் இன்னும் வரவில்லை. கேசவன் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி மேசை விளிம்பில் பட்டுக் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து நிமிர்ந்தபோது அட்டையில், வட்டத்தின் ஓரமாக, ஒரு புள்ளி நின்றது. கடுகளவு. சுற்றியிருந்த மங்கலுக்கு நடுவே உருண்டையாக, கண்ணை உறுத்துகிற பளிச்சென்ற மஞ்சள்.

சியாமளா லேசரைக் கொஞ்சம் குறைத்தாள். வட்டம் மங்கியது. புள்ளி மங்கவில்லை.

"இது என்ன?" என்றாள். கிட்டே போய்ப் பார்த்தாள். "கண்ணாடியில பூச்சு போயிருக்கு. போன இடத்துல ஓட்டை மாதிரி வெளிச்சம் ஒழுகறது. யார் தொட்டா கேசவன்?"

கேசவன் மோதிர விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டான். பொய் சொல்லத் தெரியாதவன்.

"சந்தனம் வச்சேன் மேடம். பின்னாடி வளையத்துல. கண்ணாடில இல்ல மேடம், சத்தியமா."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வளையத்தின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, "காய்ஞ்சு உதிர்ந்திருக்கும். லேசர் பட்டதும் பூச்சோட சேர்ந்து எரிஞ்சிருக்கும்" என்றாள்.

சோதித்துத்தான் பார்த்தார்கள். குற்றம் கண்ணாடியில் என்றால் கண்ணாடியைத் திருப்பினால் புள்ளியும் திரும்ப வேண்டும். கேசவன் வளையத்தை மெல்லத் திருப்பினான். புள்ளி காணாமல் போயிற்று. வளையத்தை இறுக்கி, தட்டிச் சரிசெய்தபோது மறுபடி வந்தது, வேறோர் இடத்தில். "பார்த்தீங்களா, கூடவே திரும்பியிருக்கு" என்றாள் சியாமளா. அதற்குள் புள்ளி மெதுவாக, எறும்பு ஊர்கிற மாதிரி, வட்டத்தின் நடுவை நோக்கி நகர ஆரம்பித்தது. எரிந்த தழும்பு எங்காவது நகருமா? சியாமளா புருவத்தைச் சுருக்கினாள். அந்த ஒரு நிமிஷம் அவள் வேறு எதையோ யோசித்திருப்பாள். ஆனால் குற்றம் செய்தவனுக்குத்தானே விளக்கமும் முந்திக்கொண்டு வரும். கேசவன் சொன்னான்:

"சந்தனம் உருகி வழியிது மேடம். சூட்டுக்கு."

சந்தனத்தில் எண்ணெய் உண்டு. குழாயின் சூடு பக்கத்திலேயே அடிக்கிறது. சியாமளா தலையாட்டினாள். வேறு எந்த நாட்டு ஆய்வுக்கூடத்திலும் அந்தப் பதில் யாருக்கும் தோன்றியிருக்காது. தோன்றினாலும் யாரும் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆயுத பூஜை முடிந்த வாரத்தில், மஞ்சளாக ஒரு பொட்டைப் பார்த்த இரண்டு தமிழர்களுக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்றும் தோன்றவில்லை.

"துடைச்சிடுங்க. உங்க கைதான் சரி."

பஞ்சுபோன்ற காகிதத்தில் அசிட்டோன் தொட்டு ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். இழுத்தான். கை நடுங்கவில்லை. திரும்ப மாட்டிப் பார்த்தார்கள். புள்ளி போய்விட்டது. கூடவே வெளிச்சமும் போய்விட்டது. அந்தக் காலத்துக் கண்ணாடிப் பூச்சு மிருதுவானது, கடற்காற்று வேறு பட்டிருந்தது. ஒரே துடைப்பில் கண்ணாடி முழுக்கப் பனி படிந்த மாதிரி ஆகிவிட்டது. புதுக் கண்ணாடி வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வருஷத்துக்கு மேல் ஆகும்.

சியாமளா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டாள். கேசவன் அறை மூலையில் நின்றான்.

மறு வருஷம், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த இதழ் ஒன்றில் வேறு யாரோ அதே சோடியத்தில், அதே மாதிரி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வெளிச்சத்தை நிறுத்திக் காட்டியிருந்தார்கள். சியாமளாவை வேறு வேலைக்குப் போட்டார்கள். கேசவன் அதற்கு முன்பே மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்து, கடல் தண்ணீரை இழுக்கிற பம்ப் ஹவுஸுக்கு மாறிவிட்டான். யாரும் அவனை அனுப்பவில்லை. பம்ப் ஹவுஸில் உடையக்கூடிய சாமான் ஒன்றும் இல்லை.

அமானுல்லா ஆள் அனுப்பினார், போகவில்லை. தெருவில் குழந்தை பிறந்தது, ஜுரம் என்று படுத்துக்கொண்டான். ஜெயினுலாபுதீன் ஒரு நாள் பம்ப் ஹவுஸுக்கே வந்துவிட்டார்.

"இன்னா மச்சான், உன் கையி இன்னா கரண்டு கம்பியா? தொட்டா ஷாக் அடிக்குமா? எத்தினி குழாய நான் ஒடச்சிக்கினுகீறேன். ஒரு ஓரத்துல குந்தியா அழுதேன்?"

"நீ ஒடச்சது உன் குழாய் பாய். நான் ஒடச்சது அவங்க பொழப்பு."

"பேஜார் புடிச்சவன்யா நீ" என்று சொல்லிவிட்டு, டீயைக் குடிக்காமலே போனார்.

இந்த நிலையில்தான், யாரும் எதிர்பார்க்காதபோது, சரோஜா உண்டானாள். எழுபத்தேழு கடைசியில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சரோஜாவின் அம்மா கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீரைக் கலந்து நீட்டினாள். "ஊருக்கெல்லாம் வச்ச கை. இப்பத்தான் அதுக்கு வேளை வந்துகீது. வைப்பா." கேசவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். அந்த அம்மாள் நீட்டிய கிண்ணத்தோடு வெகு நேரம் நின்றாள். கடைசியில் ஆயா ஒருத்திதான் தொட்டு வைத்தாள்.

அன்றிலிருந்து அவன் குழந்தையைத் தூக்கவில்லை. பார்ப்பான். தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தையே பார்ப்பான். கயிற்றைக்கூட ஆட்ட மாட்டான். குழந்தை அழுதால் சரோஜாவைக் கூப்பிடுவான். முதலில் அவள் சண்டை போட்டாள். பிறகு சோற்றைக் கட்டிக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். குழந்தை தவழ்ந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தது. ஜெயினுலாபுதீனின் விரலைப் பிடித்துத்தான் முதல் நடை நடந்தது. அன்று சாயங்காலம் சரோஜா அவரிடம், "அந்த மேடம் ஒரே ஒரு வாட்டி வந்து, உன் மேல தப்பில்லன்னு சொல்லிட்டா போதும் பாய். அவங்க சொன்னா கேப்பாரு" என்றாள். அடுத்த அறையில் இருந்த கேசவன் காதில் அது விழுந்தது. வரட்டும் என்று அவனும் நினைத்தான். அந்த வார்த்தையை மேடத்தின் வாயால் கேட்டுவிட்டால் கையை நீட்டிவிடலாம் என்று அவனுக்கே ஓர் ஆசை இருந்தது.

எழுபத்தொன்பது மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு வேளை தாண்டி, சியாமளா வந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள், முன்பு கிடையாது. சரோஜா பாய் விரித்து, மோர் கொண்டுவந்து வைத்தாள். குழந்தை கதவோரம் உட்கார்ந்து ஒரு பாத்திர மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது.

"கேசவன், நான் ஒண்ணு சொல்லத்தான் வந்தேன்" என்றாள் சியாமளா. "இந்த ரெண்டு வருஷமா அதையேதான் கணக்குப் போட்டுப் பார்த்துண்டிருக்கேன். அது சந்தனம் இல்லை. உங்க சந்தனம் அந்தக் கண்ணாடியில படவே இல்லை."

சரோஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேசவன் நிமிர்ந்து பார்த்தான். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இறங்கி, காற்று உள்ளே போனது போல இருந்தது.

"படலியா மேடம்?"

"படலை. தழும்புன்னா நகராது. திருப்பும்போது அணைஞ்சு, தட்டினதும் வேற இடத்துல முளைக்காது. நான்தான் யோசிச்சிருக்கணும்."

"அப்ப அது இன்னாது?"

சியாமளா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். பிறகு, பழைய லேசர் அறையில் பேசுகிற மாதிரி, கையை அசைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். பரவுவது வெளிச்சத்தின் குணம். அதைக் கூட்டிப் பிடிப்பது அந்தச் சூடான சோடியத்தின் குணம். கண்ணாடி கசியவிட்டுக்கொண்டே இருக்கும், லேசர் ஊற்றிக்கொண்டே இருக்கும். நாலும் ஒன்றுக்கொன்று சரியாக நின்றுவிட்டால், வட்டம் முழுக்க எரியவேண்டியதில்லை; ஓரிடத்தில் மட்டும் கடுகளவு வெளிச்சம் தன்னைத் தானே பிடித்துக்கொண்டு நிற்கும். மூட்டிவிட ஓர் அதிர்ச்சி போதும். "உங்க ஸ்பேனர் விழுந்துதே, அதுதான். மூட்டிட்டா அது பாட்டுக்கு இருக்கும். வெளிச்சம் அதிகமா இருக்கற பக்கமா மெதுவா நகரும். நாம தேடினதைவிடப் பெரிசு கேசவன். அதை யாராவது பார்த்திருக்காளான்னு தேடறேன், எனக்கு அகப்படலை."

கேசவன் கேட்டுக்கொண்டிருந்தான். புரிந்தது. அவள் சொன்னால் அவனுக்கு எப்போதும் புரியும்.

"அப்ப அது நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆமா."

"உசுரோட இருந்துச்சு."

"அப்படித்தான் வச்சுக்கோங்களேன்."

"தொடைக்காம வுட்டிருந்தா?"

சியாமளா மோர் டம்ளரைப் பார்த்தாள். அவளும் பொய் சொல்லத் தெரியாதவள். "கண்ணாடி கெட்டிருக்காது. நாளைக்குப் பார்க்கலாம்னு மூடி வச்சிருந்தா, மறுநாள் நானே கண்டுபிடிச்சிருப்பேன்னு நினைக்கறேன்" என்றாள். உடனே, "ஆனா துடைக்கச் சொன்னது நான். அதுவும் என் தப்புதான், உங்களது இல்லை" என்றாள்.

"நீங்க சொன்னீங்க மேடம். கை என்னுது."

"கேசவன், அப்படிப் பார்க்கக் கூடாது."

"சந்தனம்னு நெனச்சிக்கினு இருந்தேன். பொட்டு வக்கிறது தப்பா, சாமி காரியந்தானேன்னு ஒரு சமாதானம் இருந்துச்சு." அவன் குரல் ஏறவில்லை. யாருக்கோ வழி சொல்கிற மாதிரி சொன்னான். "இப்ப பாத்தா, தன்னால நின்னுக்கினு இருந்தத நானே அணைச்சிகீறேன். நடுங்கக்கூட இல்ல மேடம் கை. ஒரே இழுப்பு."

சியாமளா அதற்குப் பிறகும் பேசினாள். விஞ்ஞானத்தில் இதெல்லாம் சகஜம் என்றாள். தானே எத்தனையோ தடவை கெடுத்திருப்பதாகச் சொன்னாள். அவன் ஒவ்வொன்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினான். மேடம் நல்லவங்க, இவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்திருக்கிறார்கள் என்றுதான் அவனுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் சரோஜா குழந்தையை அவன் பக்கமாக மெல்லத் தள்ளிவிட்டாள்.

குழந்தை மூடியைக் கீழே போட்டுவிட்டு எழுந்தது. இரண்டு எட்டு தள்ளாடி வந்து அவன் முழங்காலைப் பிடித்தது. பெண்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். கேசவன் நகரவில்லை, தள்ளவும் இல்லை. கைகளை மட்டும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டான்.

சியாமளா எழுந்தாள். சரோஜா தெருமுனைவரை வழியனுப்பப் போனாள். வாசல் தாண்டுவதற்குள் அவள் சொன்னது உள்ளே கேட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். நீங்க சந்தனத்தோடயே நிறுத்திக்கினு இருக்கலாம்."

அதற்குள் இருவரும் தெருவில் இறங்கிவிட்டார்கள். உள்ளே குழந்தைக்கு முழங்காலின் பிடி தளர ஆரம்பித்தது. அது அண்ணாந்து அப்பன் முகத்தைப் பார்த்தது. அவன் குனிந்து அதன் முகத்தைப் பார்த்தான். இந்தப் பக்கம் சாய்கிறாளா அந்தப் பக்கம் சாய்கிறாளா என்று கண்ணாலேயே அவளைத் தாங்கிக்கொண்டிருந்தான். பாப்பா தொப்பென்று தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அம்மா போன வாசலைப் பார்த்துத் தவழ்ந்து போனாள்.